தீட்சையா, மணற்கேணியா?

(சிதம்பரத்தில் கழகத் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

தேர்தலைப் பற்றிப் பேசுவான், மாற்றாரைச் சாடுவான் என்று எண்ணி வந்திருப்பீர்கள். நான் பேச வந்திருப்பதோ பள்ளிக்கூடத்துப் பொறி ஒன்றைப் பற்றி. ஆசிரியர் கையிலே இருக்கிறதே கையடக்கக் கணினி, அதனுள் அமர்ந்துகொண்டு பாடம் காட்டுகிற, வருகை கேட்கிற, தேர்வு வைக்கிற, மதிப்பெண் கூட்டுகிற மென்பொருளைப் பற்றி. கற்றல் மேலாண்மை மென்பொருள் என்று அதற்குப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். 'இதிலே என்ன அரசியல்?' என்று முன்வரிசையில் ஒரு நண்பர் புருவத்தை உயர்த்துகிறார். இருக்கிறது நண்பரே! அரிச்சுவடியிலேயே அரசியல் இருந்த நாடு இது. ஏட்டைத் தொடலாம் என்று சிலரையும், தொட்டால் தீட்டு என்று பலரையும் பிரித்து வைத்திருந்த நாடு. அந்த ஏடு இன்று கண்ணாடித் திரையாக மாறியிருக்கிறது. திரை யாருடையது, திரைக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று நாம் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பது?

இரண்டு பெயர்களை உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று, 2017இல் தில்லி தொடங்கிய கல்வித் தளம். அதற்கு இட்ட பெயர் 'தீக்‌ஷா'. மற்றொன்று, 2023 ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை வெளியிட்ட செயலி. அதன் பெயர் 'மணற்கேணி'.

தீட்சை என்றால் என்னவென்று இந்த ஊரில் நின்றுகொண்டு நான் விளக்க வேண்டுமா? தீட்சை பெற்றவர் உள்ளே நிற்பார். பெறாதவர் வெளியே நிற்பார். அது காதோடு ஓதப்படுவது, தேர்ந்தெடுத்துத் தரப்படுவது. மணற்கேணியோ வள்ளுவர் கல்வி அதிகாரத்திலே எடுத்தாண்ட உவமை. வெள்ளாற்று மணலில் கோடைக் காலத்தில் குனிந்து கையால் தோண்டியவர்களுக்குத் தெரியும். தோண்டுகிறவன் என்ன குலம் என்று கேட்டுவிட்டா நீர் ஊறுகிறது? தோண்டத் தோண்டத் தெளியும். நாலு பேர் குடித்தாலும் நானூறு பேர் குடித்தாலும் கோபித்துக்கொள்ளாது. பெயர் வைத்ததிலேயே இரண்டு பண்பாடுகள் எதிரெதிரே நிற்கின்றன, தோழர்களே!

இதே சிதம்பரத்தில் 1916ஆம் ஆண்டு சுவாமி சகஜானந்தர் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். காவி கட்டியவர்தாம். ஆனாலும் தாழ்த்தப்பட்ட பிள்ளைக்கு அவர் தேடித் தந்தது கரும்பலகையும் எழுதுகோலும். எந்த நந்தனை வெளியே நிறுத்தியதாகக் கதை சொல்கிறார்களோ, அந்த நந்தனின் பெயரிலேயே ஒரு கல்விக்கூடத்தை எழுப்பி, 'வா உள்ளே!' என்றார். இங்கே நான் பேசுகிற மென்பொருளையும் அந்த வாசற்படியில் வைத்துத்தான் எடை போட வேண்டும்.

பெயரைப் பார்த்தே பொருளைத் தள்ளிவிடுபவன் அல்லன் நான். தீக்‌ஷாவின் அடித்தளம் 'சன்பேர்டு' என்னும் கட்டற்ற மென்பொருள். அதை எவரும் எடுக்கலாம், திருத்தலாம், தம் நாட்டுக்கேற்ப ஆக்கிக்கொள்ளலாம். தமிழ்நாடும் அதைப் பயன்படுத்தியது. 2018இல் வந்த நம் புதிய பாடநூல்களில் பக்க ஓரத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட க்யூ.ஆர். குறியீடு அச்சிட்டிருந்தார்களே, அதைக் கைப்பேசியால் படம் பிடித்தால் அந்தத் தளத்துப் பாடம்தான் திரையில் விரிந்தது. ஆகவே பெயர்தான் தீட்சை. கதவென்னவோ திறந்துதான் கிடந்தது. திறக்கக் கூடாத கதவும் சேர்ந்து திறந்து கிடந்ததுதான் வேதனை! 2023 ஜனவரியில் 'வயர்டு' என்னும் அமெரிக்க இதழ் அதை அம்பலப்படுத்தியது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் விவரங்களும், ஏறத்தாழ 6 லட்சம் மாணவர்களின் விவரங்களும் காவலற்ற சேமிப்பகத்தில் ஓராண்டுக்கு மேல் கிடந்தன. அதற்கு முன்பே, 2022 மே மாதத்தில், மனித உரிமைக் கண்காணிப்பகம் என்னும் பன்னாட்டு அமைப்பு, பிள்ளை எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக்கூட அந்தச் செயலி திரட்ட வல்லது என்று எடுத்துக்காட்டியிருந்தது. பெருந்தொற்றுக் காலத்திலே, வேறு வழியின்றி, தகப்பனுடைய கைப்பேசியை வாங்கிப் பாடம் பார்த்த பிள்ளைகள் அவர்கள்! பாடம் கேட்க வந்த பிள்ளையின் முகவரியைத் தெருவிலே வைத்த காவலர்களை என்னவென்று அழைப்பது?

இதைச் சொன்னதும், 'பார்த்தீர்களா, பொறியே வேண்டாம். பழைய திண்ணையே போதும்' என்று ஒரு கூட்டம் கிளம்பும். அந்தக் கூட்டத்தோடு நமக்கு உறவில்லை. திண்ணையிலே நமக்கு இடம் இருந்ததில்லை என்பதை நாம் மறக்கவில்லை. இந்த இயக்கம் பொறிக்கு அஞ்சிய இயக்கமா? அச்சுப்பொறியை ஆயுதமாக்கியது, ஒலிபெருக்கியை ஊர்ப்பொதுவாக்கியது, நாடக மேடையையும் வெள்ளித்திரையையும் வகுப்பறையாக்கியது. தந்தை பெரியார் 1940களில் 'இனிவரும் உலகம்' பற்றி எழுதியபோது, ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கம்பியில்லாக் கருவி இருக்கும், ஆளுக்காள் உருவம் காட்டிப் பேசிக்கொள்வார்கள், ஓரிடத்தில் இருந்தபடியே பல இடத்து மக்களுக்குக் கல்வி கற்பிக்க முடியும் என்றெல்லாம் கணித்தார். கிழவரின் கனவு என்று எள்ளி நகைத்தனர். 1944இல் கடலூரிலே அவர்மீது செருப்பு வீசினார்கள். அந்தக் கடலூரிலே அவருக்குச் சிலை நிற்கிறது. அவர் கணித்த கருவி, அன்று வீசியவர்களின் பேரப்பிள்ளைகள் பையிலும் இருக்கிறது!

பாடம் தொலைவைக் கடப்பதும் இந்த ஊருக்குப் புதிதன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாத எழுத்தர்களும் காவலர்களும் குடும்பப் பெண்களும் சிதம்பரத்து அஞ்சல் முத்திரை குத்திய பாடக் கட்டுக்காகக் காத்திருந்தார்கள். கடல் கடந்தும் ஒரு கதை உண்டு. ஆத்திரேலியாவின் மேற்குப் பாலைவனத்தில், அண்டை வீடே கண்ணுக்கெட்டாத இடத்தில், வானொலி வழியே ஆசிரியர் குரலைக் கேட்டுப் படித்தான் ஒரு சிறுவன். மார்ட்டின் டூகியாமாசு என்பது பெயர். வளர்ந்த பிறகு அவர் ஆக்கிய மென்பொருள்தான் 2002இல் வெளிவந்த 'மூடுல்'. பாடம், பயிற்சி, தேர்வு, ஆசிரியரோடு உரையாடல் எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் வைத்து, அதை விலையின்றி உலகுக்குத் தந்தார். தொலைவின் துயரை அறிந்தவன் செய்த பொறி, தொலைவில் உள்ளவனுக்கு உதவியது. எனவே பொறியைப் பழிப்பது என் வேலையன்று. அதன் எசமானன் யார் என்று கேட்பதே என் வேலை.

இப்போது சொல்லப்போவதுதான் இன்றைய பேச்சின் மையம். பள்ளிக்குள் வந்திருக்கும் மென்பொருளுக்கு இரண்டு வாய்கள். ஒரு வாய் பிள்ளையை நோக்கித் திறக்கிறது, பாடத்தைத் தருகிறது. மற்றொரு வாய் ஆசிரியரை நோக்கித் திறக்கிறது, கணக்கைக் கேட்கிறது. முதல் வாய்க்குச் சான்று மணற்கேணி. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நம் பாடத்திட்டத்தின்படி காணொளிப் பாடங்கள், காசு இல்லை, ஒருமுறை இறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணையம் இல்லாதபோதும் பார்க்கலாம். இரண்டாம் வாய்க்குச் சான்று, ஆசிரியர்கள் 'எமிஸ்' என்று பெருமூச்சோடு சொல்கிறார்களே, அந்தக் கல்வி மேலாண்மைத் தகவல் முறை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்குள் வருகை, உயரம், எடை, சீருடை அளவு, பெற்ற புத்தகம், எழுதிய தேர்வு எல்லாம் ஏற்ற வேண்டும். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாக வகுத்து, அவர்கள் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பதையும் செயலியில் ஏற்றச் சொன்னார்கள்.

ஈராசிரியர் பள்ளி ஒன்றைக் கண்முன் கொண்டுவாருங்கள். கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் என்று அளவு வகுத்திருக்கிறது. ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள், ஆசிரியர் இருவர். அவர்களில் ஒருவர் திரையைத் தடவிக்கொண்டு, சுற்றிச் சுற்றி வரும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு, 'சர்வர் எப்போது கண் திறக்கும்?' என்று காத்திருந்தால், ஐந்து வகுப்பும் மற்றொருவர் தலையில்! நாளுக்கு அரை மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இருநூறு பள்ளி நாளில் 100 மணி நேரம். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் கற்பித்தல் என்றால் இருபது நாள். ஒரு மாதப் பள்ளி நாளுக்கு ஏறத்தாழ ஒப்பான காலத்தைக் கணக்குப் பெட்டி விழுங்கிவிடுகிறது.

1953ஐ நினைத்துப் பாருங்கள். இராசகோபாலாச்சாரியார் முதலமைச்சராக இருந்து கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம். பள்ளியிலே நாளுக்கு மூன்று மணி நேரம். மீதி நேரம் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்! குலக்கல்வித் திட்டம் என்று நாம் பெயரிட்டோம், நாடே கொதித்தது, 1954இல் அவர் பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் குப்பைக் கூடைக்குப் போனது. பிள்ளையின் அரை நாளைப் பறித்ததற்காக ஓர் ஆட்சியையே ஆட்டம் காண வைத்த மக்கள் நாம். இன்று பிள்ளை முழு நாளும் பள்ளியில் இருக்கிறது. ஆனால் ஆசிரியருடைய நாளில் ஒரு துண்டு காணாமற் போகிறது. நோக்கம் வேறு என்பதை அறிவேன். அன்று இருந்தது வருணத்தின் வஞ்சகம். இன்று இருப்பது அலுவலகத்தின் ஆர்வக் கோளாறு. இரண்டையும் ஒன்றென்று சொல்லமாட்டேன். ஆனால் இழப்பு யாருக்கு? வீட்டிலே சொல்லித்தர ஆள் இல்லாத பிள்ளைக்கு! தனிப்பயிற்சிக்குப் பணம் கட்டும் வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியரின் அரை மணி போனால் மாலையிலே ஈடு செய்துகொள்வான். கிள்ளையிலே வலை பின்னுகிறவரின் மகளுக்கு, குறிஞ்சிப்பாடியிலே தறியிலே உட்காருகிறவரின் மகனுக்கு அந்த அரை மணிதானே முழு முதல்?

நான் நாடகம் எழுதுகிறவன். மேடையிலே உருக்கமான கட்டம். தாய் மகனைப் பிரிகிறாள். அப்போது கொட்டகை முதலாளி திரைமறைவிலிருந்து தலையை நீட்டி, 'வசனத்தை நிறுத்து அம்மா, இன்று எத்தனை சீட்டு கிழிந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு அழு' என்றால் அந்த நாடகம் எப்படி இருக்கும்? சீட்டுக் கணக்கு வேண்டாம் என்று எந்த நடிகனும் சொல்லமாட்டான். அவன் கூலியும் அதிலேதான் வருகிறது. சீட்டுக் கணக்கை வாசலில் இருப்பவன் எழுதட்டும் என்றுதான் சொல்லுவான். ஆசிரியர் சங்கங்கள் கேட்டதும் இதைத்தான். வருகைப் பதிவு நீங்கலாக மற்ற எமிஸ் வேலையிலிருந்து ஆசிரியர்களுக்கு விடுதலை என்று 2023இல் அறிவிப்பும் வந்தது. நடுநிலைப் பள்ளிக் கணினி ஆய்வகங்களுக்குத் தனி ஆட்கள் அமர்த்தப்பட்டு, பதிவு வேலை அவர்களிடம் தரப்பட்டது. நல்ல திருத்தம், வரவேற்போம். ஆனால் ஒரு படிவம் ஒழிந்த இடத்தில் இன்னொரு படிவம் முளைக்கும் இயல்பு அலுவலகங்களுக்கு உண்டு. ஆகவே கண்ணை மூடாமல் இருப்போம்.

கணக்கையே வெறுக்கிறவர்களா நாம்? இல்லை! எண்ணிக் காட்டித்தான் உரிமை கேட்டோம். எந்த வகுப்பார் எத்தனை பேர், அலுவலிலே அமர்ந்தவர் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்டியதால்தான் 1921இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புரிமை ஆணை பிறப்பித்தது. எண் நமக்கு எதிரியன்று. ஆனால் எண்ணுக்குப் பின்னே ஆளைத் தேட வேண்டும். 2023 மார்ச்சு மாதம் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு ஏறத்தாழ 50,000 பேர் வரவில்லை என்று செய்தி வந்தது. நாடு திகைத்தது. பதிவிலே பெயர் இருந்தது. பலர் அதற்கு முன்பே பள்ளியை விட்டுப் போயிருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் எண் கொடுத்த பொறியால், பெயர் திரையில் நிற்க ஆள் செங்கல் சூளைக்குப் போனதைத் தடுக்க முடியவில்லையே! அதற்குத் தெருவிலே நடந்து, கதவைத் தட்டி, 'ஏனம்மா பிள்ளை வரவில்லை?' என்று கேட்கும் மனிதர் வேண்டும். பக்கத்து விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் பகுதியில் 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கப்பட்டபோது, தன்னார்வலர்களை, அவர்களிலும் பெரும்பாலும் பெண்களை, தெருத் தெருவாக அனுப்பியது அதனால்தான்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1965 சனவரி 27. அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் இந்தி எதிர்ப்புப் போரிலே துப்பாக்கிக் குண்டுக்கு இரையானது இந்த ஊரில். அந்த மண்ணில் உள்ள ஆய்வகத்தில் நம் பிள்ளை கணினியைத் தொடும்போது முதல் எழுத்தை எந்த மொழியில் தட்டுகிறான்? 1999இல் கலைஞர் ஆட்சியில் சென்னையிலே தமிழ் இணைய மாநாடு கூடியது. 'தமிழ் 99' விசைப்பலகை தரமாக அறிவிக்கப்பட்டது. அதைப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறோமா? காணொளியில் தமிழ் கேட்கிறது, மகிழ்ச்சி. விடை எழுதும் கட்டத்திலும் தமிழ் வர வேண்டும். நாலு விடையில் ஒன்றைத் தொடு என்று சொல்லியே பழக்கினால், தமிழில் நாலு வரி எழுதத் தெரியாத தலைமுறை வளரும். இந்த ஐயம் நமக்கு மட்டும் என்று எண்ணாதீர்கள். திரையிலே முன்னோடி என்று பேர் வாங்கிய சுவீடன் நாடே 2023இல் அச்சுப் புத்தகத்துக்கும் கையெழுத்துப் பயிற்சிக்கும் திரும்புவதாக அறிவித்தது.

தில்லியின் கைவரிசையையும் விட்டுவிட முடியாது. கணினி ஆய்வகத்துக்கும் ஆசிரியர் சம்பளத்துக்கும் துணைபோகும் நிதி, ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் நிதி. 2024-25ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்குரிய ரூ.2,152 கோடியை நிறுத்தி வைத்தார்கள். ஏன்? பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடு, 2020 கல்விக் கொள்கையை ஏற்றுக்கொள், பிறகு பணம் என்றார்கள். 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று. இதுதான் தீட்சை! உபதேசத்தை ஏற்றால் உள்ளே, மறுத்தால் வெளியே. பிள்ளையின் விளக்கை அணைத்துவிட்டுக் கொள்கை பேசுகிற கொடுமை!

'அரசு விலகட்டும், தனியார் பார்த்துக்கொள்வார்கள்' என்போருக்கு ஒரே சொல்: பைஜூஸ். 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்பென்று பறைசாற்றப்பட்ட நிறுவனம். 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் போனது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய பெற்றோர் பாடம் கற்றார்கள். பிள்ளைகள் கற்றார்களா என்பது வேறு.

நம் கடற்கரைக்கென்று ஒரு சிறப்புக் கேள்வியும் உண்டு. 2011 டிசம்பர் 30இல் தானே, 2015இல் பெருவெள்ளம், 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல். கடலூர் மாவட்டத்திலே மின்கம்பம் படுத்துக்கொண்டால் எப்போது எழும் என்று எவருக்கும் தெரியாது. சென்னையிலே குளிர்ந்த அறையில் அமர்ந்து வரையப்பட்ட மென்பொருளுக்குப் பரங்கிப்பேட்டையின் ஐப்பசி மாதம் தெரியுமா? இணையம் அறுந்த நாளிலும் வேலை செய்யும் பொறியே நமக்குப் பொறி. இறக்கி வைத்த பாடமும் அச்சிட்ட புத்தகமும் அருகருகே இருக்க வேண்டும்.

2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகளும், 22,931 திறன்மிகு வகுப்பறைகளும் என்று அரசு திட்டம் வகுத்து வழங்கத் தொடங்கியது. மக்கள் வரிப்பணம். அது ஒழுங்காகப் பயன்படுகிறதா என்று கேட்கும் உரிமை, கல்வி உரிமைச் சட்டம் தந்த பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு இருக்கிறது. அக்குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தோழர்களே, உங்களில் எத்தனை பேர் அந்தக் குழுவில் இருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். ஏழு, எட்டு... பின்னால் ஒரு தாய். போதாது!

அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். ஆசிரியரை மிரட்டும் தோரணை வேண்டாம், அவரும் நம்மவர். அமைதியாகக் கேளுங்கள். ஐயா, அம்மா, இந்த வாரம் செயலிக்கு எத்தனை மணி நேரம் கொடுத்தீர்கள்? திறன்மிகு வகுப்பறைத் திரை கடைசியாக எரிந்தது எந்த நாள்? மணற்கேணிப் பாடங்கள் இறக்கி வைக்கப்பட்டிருக்கின்றனவா? ஆய்வகத்தில் பெண்பிள்ளைகளுக்கு முறை வருகிறதா, பையன்களே பிடித்துக்கொள்கிறார்களா? எங்கள் பிள்ளையின் விவரம் யார் யாரிடம் போகிறது? பதினெட்டு வயது நிறையாதவரின் தகவலைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும் என்று 2023ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறதே, எங்களிடம் எப்போது கேட்டார்கள்?

பதிலை ஊர்ப் பெயரோடு, பள்ளிப் பெயர் இல்லாமல், ஓர் அஞ்சலட்டையில் இந்த ஏட்டுக்கு எழுதுங்கள். கிள்ளையிலிருந்து ஒன்று, பரங்கிப்பேட்டையிலிருந்து ஒன்று, காட்டுமன்னார்கோயிலிலிருந்து ஒன்று வரட்டும். ஞாயிறுதோறும் இந்தப் பக்கத்திலே அவற்றுக்கு இடம் தருமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். அதற்காக என் பேச்சைச் சுருக்கினாலும் வருத்தமில்லை. கடலூர்த் தோழர்களுக்குக் கடைசிப் பேருந்து நேரமாகிறது.